பிடிச்சியா?

டிவியில் சண்டை நடக்கிற நாடு எதைக் காட்டினாலும் நான் கூடாரத்தைத்தான் பார்ப்பேன். குண்டு விழுந்து புகை எழும்புவதைக் காட்டுவான். கோட்டுப் போட்ட ஆட்கள் நீள மேசையைச் சுற்றி இருப்பதைக் காட்டுவான். எல்லாம் முடிந்த பிறகு, ஊரைவிட்டு ஓடிவந்த சனம் ஒரு பொட்டல்வெளியில் தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருப்பதைக் காட்டுவான். அப்போதுதான் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவேன். எந்த நாடாக இருந்தாலும் சரி, ஒரு இடத்தில்கூட உருப்படியான முடிச்சு கிடையாது. தண்ணீர் வடியச் சரிவு கிடையாது. காற்று வருகிற பக்கம் பார்த்து வாசலை வைத்திருப்பான்.

"ஊரே எரிஞ்சு கெடக்கு, ஒங்களுக்கு முடிச்சாக்கும் பெருசு" என்பாள் என் மனைவி.

எரிக்கிறவனை என்னால் நிறுத்த முடியாது. முடிச்சு எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தானே பார்க்க முடியும்?

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அதற்குப் பிறகு கமுகு மரம் சுமந்தேன். அந்தக் காலத்தில் பந்தலுக்குக் கால் என்றால் கமுகுதான். இன்றைக்கு அஞ்சுகிராமம் போகிற ரோட்டில் என் யார்டைப் பார்க்காமல் யாரும் கடக்க முடியாது. மூன்று லாரி, இரும்புக் குழாய், தகரம், அலங்காரத் துணி எல்லாம் இருக்கிறது. கோயில் கொடை, சர்ச் திருவிழா, அய்யாவழித் தாங்கலில் திருநாள், பள்ளிவாசல் கந்தூரி என்று எதையும் விட்டதில்லை. இந்த மாவட்டத்தில் என் பந்தலுக்குக் கீழே தாலி கட்டாத சாதி கிடையாது. எஞ்சினியர் படித்தவர்கள் வந்து நின்று, "இது எப்படி ஓய் நிக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். நிற்கிறது அல்லவா, அது போதும்.

கடல் ஏறி வந்த வருஷம் யாரும் கூப்பிடாமலே லாரியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாளில் எத்தனை குடும்பத்துக்கு நிழல் போட்டேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. கோயில்காரனும் சர்ச்காரனும் சேர்ந்துதான் கம்பு பிடித்தார்கள். ஆனால் மனிதன் கொளுத்திய வீட்டுக்குப் பந்தல் போட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே நாலு பேர் சேர்ந்து கம்பு பிடிக்க மாட்டார்கள். அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், ஒரு தடவை அந்த மாதிரித் தீ என் யார்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைச் சொல்ல முதலில் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உயரமான வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். மேலே ஏறுகிறவன் மேலாள். அவன் இடுப்பில் கட்டிய கயிறு உச்சியில் உள்ள கப்பி வழியாக இறங்கிக் கீழே நிற்பவன் கைக்கு வரும். இவன் கீழாள். இதில் சாதியும் இல்லை, சம்பள வித்தியாசமும் இல்லை. உயரம் மட்டும்தான். மேலாள் ஒரு கம்பை விட்டு அடுத்த கம்புக்கு மாற வேண்டுமானால் இரண்டு கையையும் விட்டாக வேண்டும். விடுவதற்கு முன் கத்துவான்: "பிடிச்சியா?" கீழாள் கயிற்றை இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டு பதில் கத்துவான்: "பிடிச்சேன்!" பதில் வராமல் மேலாள் கையை விட மாட்டான். கீழாள் கயிறும் கையுமாக நிற்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் விட மாட்டான். வாயால் சொல்ல வேண்டும். பெல்ட்டு வந்தது, தலைக்குத் தொப்பி வந்தது. இந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

என்னிடம் இருந்த மேலாளும் கீழாளும் வடகிழக்கே ஏதோ மலைநாட்டுக்காரர்கள். இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து தாண்டியிருக்கும். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. ஒருவன் செங்கல் சூளையில் இருந்து வந்தான். இன்னொருவன் மீன் கம்பெனி நாற்றம் தாங்காமல் ஓடிவந்தான். முகத்தைப் பார்த்தேன், ஒரே சாடை. "ஒனக்க ஊருக்காரன்லேய்" என்று சொல்லி இரண்டாவது வந்தவனையும் முதல் ஆளின் அறையிலேயே போட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் அண்ணன் தம்பி என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவன் மலையில் இருக்கிற இனம். மற்றவன் மலைகளுக்கு நடுவே சமவெளியில் இருக்கிற இனம். அவன் பாஷை இவனுக்கு ஒரு சொல் புரியாது. சாமி வேறு, சடங்கு வேறு. என் தப்பைத் திருத்த அவர்களிடம் அப்போது தமிழ் இல்லை. தமிழ் வந்தபோது திருத்த மனம் இல்லை, அதற்குள் பழகிவிட்டார்கள். இதில் பெருமை என்னவென்றால், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் யார்டில் படித்த தமிழில்தான். யாரைப் பார்த்தாலும் மக்கா. ஒருமுறை பங்குச்சாமியாரையே மேலாள், "மக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று விரட்டிவிட்டான். சாமியார் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

பிறகு அவர்கள் ஊரில் தீப் பிடித்தது. பிடித்தது என்று சொல்வது தப்பு. வைத்தார்கள். மலை ஆட்கள் சமவெளி வீடுகளுக்கும், சமவெளி ஆட்கள் மலைக் கிராமங்களுக்கும். மேலாளின் வீடு போயிற்று. பெண்டாட்டியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய்க்கு அடியில். கீழாளின் அக்காள் வீடும் போயிற்று. அவளும் வேறு ஒரு ஊரில் அதே மாதிரி ஒரு தார்ப்பாய்க்கு அடியில். போனில் படம் படமாக வந்தது. அவனுக்கு வருகிற படத்தில் எல்லாம் குற்றவாளி இவன் ஆட்கள். இவனுக்கு வருகிற படத்தில் அவன் ஆட்கள்.

ஒரு காலையில் அறையை எட்டிப் பார்த்தேன். நடுவில் கயிறு கட்டித் தார்ப்பாய் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. என் தார்ப்பாய், என் கயிறு. முடிச்சைப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாத முடிச்சு. தொட்டு இழுத்துப் பார்த்தேன். இரண்டு முனையையும் ஒரே ஆள் கட்டவில்லை. அந்த இழுவிசைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டியிருக்க வேண்டும்.

வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் சர்ச் திருவிழா. கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருந்தது. வாசலில் பெரிய வளைவு எழுப்ப வேண்டும். இடமும் வலமும் குழாயில் கோபுரம், உச்சியில் விளக்குச் சட்டம். ஆடிக் காற்றில் அந்த உயரத்துக்கு ஏற இந்த மேலாளைத் தவிர ஆள் இல்லை. அவன் முன்னால் வந்து நின்றான்.

"மொதலாளி, அவன் கீழ நின்னா நான் மேல போவாது."

கீழாள் கொஞ்சம் தள்ளி நின்று, "அவனுக்கு நான் கயிறு பிடிக்காது" என்றான்.

செய்தி ஒரு மணி நேரத்தில் ஊருக்குப் போய்விட்டது. திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் யார்டுக்கே வந்தார். பழைய சிநேகம், அதனால் குத்தலுக்குக் குறைவில்லை.

"என்ன ஓய், அண்ணன் தம்பின்னீரு? இப்பம் தம்பி அண்ணன வெட்ட நிக்கானாம்லா?"

"ஒமக்கு வளைவு வேணுமா, வம்பு வேணுமா?"

"வளைவு நிக்குமா ஓய்?"

"என் கைபட்டது எது ஓய் விழுந்திருக்கு?"

சொல்லிவிட்டேன். உள்ளே போனால் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "ஒருத்தன அனுப்பிருங்க. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நெருப்ப மடியில கட்டண்டாம்" என்றாள். மகனும் அதையேதான் போனில் சொன்னான். எல்லாரும் சொன்னார்கள். ஒருவனை அனுப்பினால் போதும், பிரச்சினை தீர்ந்தது. எவனை அனுப்ப? எங்கே அனுப்ப? எரிந்த வீட்டுக்கா? ஒருவனை அனுப்பிவிட்டால் அவர்கள் ஊரில் நடந்த வேலையின் மிச்சத்தை நான் செய்து முடித்த மாதிரி ஆகும். அந்தக் கூலிக்கு நான் ஆள் இல்லை. இரண்டு பேரும் இருப்பார்கள், ஒரே கயிற்றில் இருப்பார்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் இருவரையும் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "லேய், ஒனக்கு அவனப் பிடிக்கண்டாம். அவனுக்கும் ஒன்னப் பிடிக்கண்டாம். கயிறப் பிடிச்சா போதும், கேட்டுதா?" என்றேன்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நான் பெரிதாக ஒன்று சொல்லிவிட்டதாக நினைத்தேன். மேலாள் என்னையே பார்த்தான்.

"மொதலாளி, நீ மேல நிக்கியா? மேலருந்து பிடிச்சியான்னு கேட்டு, அவன் பேசாம நின்னா?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. அதன் பதிலும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் பெருமை பேசுகிற நான் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் மாவட்டத்தைப் படித்த மாவட்டம், பச்சையான மாவட்டம் என்பார்கள். சரிதான். ஆனால் எனக்கு இருபத்தைந்து வயதாக இருக்கும்போது கடற்கரைக்கும் உள்பக்கத்து ஊர்களுக்கும் மதத்தின் பேரில் சண்டை மூண்டது. கடற்கரையில் குடிசைகள் எரிந்தன, வள்ளங்கள் எரிந்தன. உள்பக்கத்தில் கடைகள் எரிந்தன. அதில் ஒன்று என் தாய்மாமன் கடை. யார் முதலில் என்பதை இன்றும் இரண்டு விதமாகத்தான் சொல்வார்கள்.

அப்போது நான் கீழாள். எனக்கு மேலாளாக இருந்தவன் கடற்கரைப் பையன், என் வயதுதான். பாய்மரத்தில் ஏறிப் பழகிய கால் அவனுக்கு. எல்லாம் அடங்கி, ஊரடங்கு எடுத்து, ஒரு கல்யாண வீட்டு வேலைக்கு அவன் வந்தான். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். மறு முனையை நான் எடுத்தேன். ஏறினான். உச்சிக்குப் போய்க் கத்தினான்.

"பிடிச்சியா?"

என் கையில் கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. சத்தியமாக விட்டிருக்க மாட்டேன். ஆனால் வாய் வரவில்லை. மாமன் கடையில் கருகிக் கிடந்த மாவு மூடைகள்தான் கண்ணில் நின்றன.

"லேய் மக்கா, பிடிச்சியா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு கம்பாகப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, என் காலடியில் வைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். பிறகு கடலுக்கே போனான் என்று கேள்விப்பட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் செத்தபோது, கேட்காமலே லாரியைக் கொண்டுபோய் அவன் வீட்டு முற்றத்தில் நானே பந்தல் கட்டினேன். பிடிச்சேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கத்தான் மேலே ஆள் இல்லை.

ஆகவே மேலாள் கேட்டதும் நான் சொன்னேன்: "நாளைக்கு ஒனக்குக் கீழ நான் நிக்கேன்."

"நீயா? ஒனக்கு முட்டு வலி."

"முட்டாலயா கயிறு பிடிக்கது? ஏறுலேய்."

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். நான் முட்டாள் இல்லை. கயிற்றின் வால் முனையை லாரிக் கொக்கியில் கட்டியிருந்தேன். தவறினாலும் தரைக்கு வர மாட்டான். ஆனால் பாதி உயரம் விழுந்து கோபுரத்தில் அடிபட்டால் அதுவே போதும், ஆள் தேற மாட்டான். கீழாளையும் அழைத்துவந்திருந்தேன், குழாய் எடுத்துக் கொடுக்க. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரி நிழலில் உட்கார்ந்திருந்தான்.

மேலாள் ஏறினான். வேட்டியை மடித்துக் கட்டிக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் நின்றேன். சர்ச் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கமிட்டிக்காரர், "ஓய், ஒமக்குச் சவப்பெட்டி செய்யணும்னா அளவு இப்பமே சொல்லிரும்" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. அவன் கேட்பான், நான் சொல்வேன், அவன் மாறுவான். இடது கோபுரம் முடிந்தது. என் குரல் கணீர் என்று இருந்ததாக எனக்கே தோன்றியது.

விளக்குச் சட்டத்தைத் தாண்டி வலது கோபுரத்துக்கு அவன் மாறுகிற நேரத்தில் கடல் பக்கமிருந்து காற்று ஒரே அறையாக அறைந்தது. சட்டம் ஆடியது. அவன் ஒரு கால் நழுவியது. கயிறு என் கையில் ஓடியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது, இடது முட்டு மடங்கியது, நான் மண்ணில் குந்திவிட்டேன். கயிற்றை விடவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

பின்னாலிருந்து ஒருவன் என் மேலேயே விழுந்து கயிற்றைப் பிடித்தான். இடுப்பில் ஒரு சுற்று, குதிகாலை மண்ணில் ஊன்றி ஒரு சாய்வு. கயிறு நின்றது. கீழாள்தான்.

மேலே அவன் ஒற்றைக் கையில் சட்டத்தைத் தொற்றிக்கொண்டிருந்தான். கீழே யார் என்று அவனால் குனிந்து பார்க்க முடியாது. கத்தினான்.

"மொதலாளி, பிடிச்சியா?"

நான் சொல்லியிருக்கலாம். கயிற்றில் என் கையும் இருந்தது. சொல்லவில்லை. இந்த முறை வாயை நானே மூடிக்கொண்டேன். கீழாள் என்னைப் பார்த்தான், சொல்லு என்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன்.

"பிடிச்சியா?"

கீழாள் கயிற்றை இன்னும் இறுக்கிக்கொண்டான். மூச்சை உள்ளே இழுத்து ஒரே கத்தாகக் கத்தினான்.

"பிடிச்சேன்!"

மேலே அவன் மற்றக் கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சட்டத்தைப் பற்றிக்கொண்டே திரும்பி வந்து, கம்பு கம்பாக இறங்கியிருக்கலாம். என் பழைய கூட்டாளி செய்த மாதிரி. நான் மண்ணில் குந்தியபடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஒவ்வொன்றாக விரிந்தது. இரண்டு கையையும் விட்டான். வலது கோபுரத்துக்கு மாறினான்.

அதற்குப் பிறகு எட்டு தடவை கேட்டான். எட்டு தடவையும் பதில் வந்தது. நான் எண்ணினேன்.

இறங்கிவந்து இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடக்கவில்லை. மேலாள் போய் இரண்டு டீ வாங்கிவந்தான், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கீழாளுக்கு இல்லை. நான் என் டீயில் பாதியைக் குடித்துவிட்டு கிளாஸை அப்படியே கீழாளிடம் நீட்டினேன். அவன் என் உரிந்த கையைப் பார்த்து, "கெழவன் செத்தா சம்பளம் யாரு தருவா, அதான் வந்தேன்" என்றான். மேலாளுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னான். சிரிப்பு வந்ததோ என்னவோ, மேலாள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அறையில் தார்ப்பாய் இன்றும் தொங்குகிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுப்பும் இரண்டுதான். ஆனால் வேலைக்குக் கயிறு ஒன்றுதான்.

அந்தத் திருவிழா முடிந்த வாரம் மேலாள் தன் போனைக் கொண்டுவந்து, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற முகாமைக் காட்டினான். பார்த்தேன். அதே கதைதான், ஓட்டைத் தார்ப்பாய், சணல் கயிறு, உருப்படாத முடிச்சு. கீழாளையும் கூப்பிட்டு அவன் அக்காள் இருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னேன். அதுவும் அப்படியே. என்னிடம் இருந்ததில் புதுத் தார்ப்பாய்களை எடுத்து இரண்டு கட்டாகப் போடச் சொன்னேன். கட்டுக்கு ஒரு சுருள் நைலான் கயிறு. பார்சலில் போய்ச் சேருமா என்று மகன் கேட்டான். சேரும் வரைக்கும் அனுப்புவேன் என்றேன்.

சாயங்காலம் யார்டில் ஒரே வாக்குவாதம். போய்ப் பார்த்தால், அவன் கட்டுக்குக் கயிறு அதிகம் என்று இவன், இவன் கட்டுக்கு அதிகம் என்று அவன்.

"ஒனக்குத்தான் நீளமா வச்சிருக்கே!"

"பொய் சொல்லாதலேய். அளந்து பாப்பமா?"

நான் குறுக்கே போகவில்லை. கயிற்றை ஒருவன் தனியாக அளக்க முடியாது. மேலாள் ஒரு முனையை நீட்டினான். கீழாள் அதை வாங்கிக்கொண்டு யார்டின் அந்த மூலைக்கு நடந்தான். கயிறு தரையிலிருந்து எழும்பி விறைத்தது.

"பிடிச்சியா?" என்று இந்த மூலையிலிருந்து மேலாள் கேட்டான்.

"பிடிச்சேன்லேய், இழு!"